மேய்ப்பவர்க்கும் ஒரு பல்கலைக்கழகம்

(வெள்ளி விழாவையொட்டி அம்மையார்குப்பத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மேய்ச்சல் தொழில் செய்யும் மக்களிடையே அமைதியும் வளர்ச்சியும் உண்டாகும்படி ஒரு பல்கலைக்கழகம் காண்பது பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். தறி ஓசை கேட்கும் இந்த ஊரில், ஒடுக்கப்பட்ட மக்களின் கல்விச் சங்கத்து மேடையில், ஆட்டு மந்தையைப் பற்றி எதற்குப் பேசவேண்டும் என்று இளைஞர் சிலர் எண்ணக்கூடும். நியாயமான கேள்விதான். அதற்கு விடை நம் பள்ளிக்கூடத்திலேயே இருக்கிறது.

"நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு." இந்தச் சொல்லைக் கேளாமல் படித்து முடித்த பிள்ளை தமிழ்நாட்டில் அரிது. கணக்கில் பிழை வந்தாலும் இதுதான்; வீட்டுப்பாடம் எழுதாவிட்டாலும் இதுதான். மற்றவர் பிள்ளைகளுக்கு அது வெறும் வசை. நம் பிள்ளைகளுக்கோ அது குடும்ப வரலாறு. தகப்பன் வாங்கிய கடனுக்காக மகன் பண்ணையின் தொழுவத்தில் விடப்பட்டான். பொழுது புலருமுன் சாணம் அள்ளி, பொழுது சாயும்வரை மேய்த்து, இரவில் கொட்டகையின் ஓரத்திலேயே படுத்துக்கொண்டான். அவன் மேய்த்த மாட்டின் கன்றுகூட அவனுடையதன்று. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் நடுவண் அரசால் 1976-இல்தான் இயற்றப்பட்டது. ஆகவே கல்வி என்பது நமக்கு மேய்ச்சலை விட்டுத் தப்பி ஓடிய வழியாகவே தோன்றியது. அதில் வியப்பில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். மேய்த்தது இழிவா, கூலியின்றி மேய்க்க வைத்தது இழிவா? இரண்டையும் நாமும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, அதே வசையை நம் வீட்டுப் பிள்ளைகள்மீது வீசுகிறோம்.

மேய்ச்சலையே வாழ்வாகக் கொண்ட மக்கள் இந்நாட்டில் பலர். நீலகிரியில் எருமை வளர்க்கும் தோடர், இராசத்தானத்தின் ஒட்டகம் வளர்க்கும் ராய்க்கர், குசராத்தின் மால்தாரிகள், இமயத்தின் சரிவுகளில் மந்தையோடு ஏறி இறங்கும் கத்திகளும் பக்கர்வால்களும் ஒரு பக்கம். நம் பக்கத்தில் ஆடு வளர்க்கும் இடையர், குறும்பர். எல்லைக்கு அப்பால் தெலுங்கு பேசும் ஆட்டிடையர். செங்கற்பட்டு, திருவள்ளூர் வட்டாரங்களுக்கே உரிய செவ்வாட்டினத்தை இன்று "மெட்ராஸ் சிவப்பு" என்று அறிவியலார் அழைக்கிறார்கள். இந்த மண்ணின் வெயிலுக்கும் வறட்சிக்கும் தாங்கும்படி தலைமுறை தலைமுறையாகக் கிடாவைத் தேர்ந்து அவ்வினத்தைக் காத்தவர்கள் பள்ளிக்கூடம் பாராத மேய்ப்பர்கள்தாம். அறுவடை முடிந்த வயலில் கிடை போடுவதும் ஒரு தனிக் கலை. எத்தனை ஆடு, எத்தனை இரவு, பட்டியை எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்கு மாற்றுவது என்பதெல்லாம் கணக்கு. நிலக்காரனுக்கு எரு, மேய்ப்பனுக்குக் கூலி, ஆட்டுக்குத் தாள். மூவரும் பிழைத்தார்கள்.

அந்த ஏற்பாடு இன்று குலைந்து வருகிறது. ஆழ்குழாய்க் கிணறு வந்தபின் பல வயல்கள் ஆண்டு முழுதும் பயிரோடு நிற்கின்றன. மேய்க்கால் புறம்போக்கு என்று கணக்கில் எழுதப்பட்ட நிலத்தில் சில ஊர்களில் வீடு இருக்கிறது, சில ஊர்களில் ஒருவரின் தோப்பு இருக்கிறது. காட்டின் கதை வேறு. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் சமூகங்களின் பருவகால உரிமையை ஏற்றுக்கொள்கிறது. ஆயினும் 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழகக் காடுகளில் கால்நடை மேய்ப்பதைத் தடை செய்து, பின்பு அத்தடையைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டது. புல்லும் நீரும் சுருங்கும் இடத்தில் ஆடு பயிரில் வாய் வைக்கும். அங்கே தடியும் அரிவாளும் எழும். அமைதி என்று நாம் பேசுவது இதைத்தான்.

சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கிற்று. 1989-இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன் பணி பெரிது. குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஆட்டுக்குப் பல்கலைக்கழகம் இருக்கும்போது ஆட்டுக்காரருக்கு ஒன்று இல்லையே என்று கேட்பதில் தவறென்ன?

இக்கேள்விக்கு ஒரு பாதி விடையை நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் தலைமையில் அமைந்த குழு எழுதி வைத்தது. திருத்தணியில் 1888-இல் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமை தாங்கிய பல்கலைக்கழகக் கல்விக் குழு 1949-இல் தன் அறிக்கையை அளித்தது. நாட்டுப்புறத்துக்கென்று தனிப் பல்கலைக்கழகங்கள் வேண்டும், அங்கே படிப்பும் உழைப்பும் இணைந்து நடக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அவ்வழியில் 1956-இல் காந்திகிராமத்தில் கிராமியக் கல்வி நிறுவனம் தோன்றி, 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. ஆனால் பரிந்துரை விரும்பிய அளவு அது நாடெங்கும் பரவவில்லை.

மற்றப் பாதி விடை அண்ணல் அம்பேத்கருடையது. 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கி, 1946-இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைக் கண்டார். அடுத்த கல்லூரியை அவர் எங்கே வைத்தார்? பம்பாயிலேயே இன்னொன்று கட்டியிருக்கலாம். நிசாமின் ஆட்சியில் கல்வி வாடை அதிகம் படாத மராத்துவாடாவுக்குச் சென்று, ஔரங்காபாத்தில் 1950-இல் மிலிந்தர் கல்லூரியை நிறுவினார். நாகசேனரிடம் கேள்விமேல் கேள்வி கேட்ட அரசன் பெயரை அதற்கு இட்டதும் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. படிப்பு வேண்டிய மக்கள் இருந்த இடத்துக்குக் கல்லூரி சென்றது.

அதனால் அமைதி உடனே வந்துவிட்டதா? வரவில்லை. அதே ஊரில் 1958-இல் தோன்றிய மராத்துவாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயரைச் சூட்ட 1978-இல் மாநிலச் சட்டமன்றம் தீர்மானித்தது. உடனே ஊர் ஊராக நம் மக்களின் குடிசைகள் தீக்கிரையாயின, உயிர்களும் போயின. பெயர் சூட்ட 1994 வரை, பதினாறு ஆண்டுகள் ஆயிற்று. கல்லூரி கட்டினால் சண்டை ஓயும் என்று சொல்பவர் இந்தப் பதினாறு ஆண்டுகளுக்கு விடை சொல்ல வேண்டும்.

இனிக் கடல் கடந்து ஒரு நாட்டைப் பார்ப்போம். ஆப்பிரிக்காவின் கென்யாவில், வடகிழக்குப் பகுதி முழுதும் ஒட்டகமும் மாடும் ஆடும் மேய்க்கும் சோமாலி மக்களின் பூமி. 1990-களின் தொடக்கத்தில் வறட்சியோடு குலப்போரும் சேர்ந்து வஜீர் வட்டாரத்தை உலுக்கின. சந்தையில் ஒரு குலத்துப் பெண்ணிடம் மறு குலத்தார் கொள்ளவும் கொடுக்கவும் மறுத்தனர். அப்போது டெக்கா இப்ராகிம் அப்தி என்னும் இளம் ஆசிரியையும் அவருடைய தோழியரும் முதலில் சந்தையைத்தான் சரிசெய்தார்கள். யாரும் யாரிடமும் வாங்கலாம் என்ற நிலையைக் காத்து, பிறகு பெரியவர்களையும் இளைஞர்களையும் பேச்சுக்கு அழைத்தார்கள். 1995-இல் அது வஜீர் அமைதி வளர்ச்சிக் குழுவாக உருப்பெற்றது. அவ்வம்மையாருக்கு 2007-இல் சுவீடனின் நல்வாழ்வுரிமை விருது கிடைத்தது.

பல்கலைக்கழகம் அதற்கு வெகுகாலம் பின்புதான் வந்தது. அண்டை நகரான கரிசாவில் 2011-இல் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. அப்பகுதியின் முதல் அரசு உயர்கல்வி நிலையம் அது. 2015 ஏப்ரல் 2 அன்று விடியற்காலையில் தீவிரவாதிகள் உள்ளே புகுந்து 148 பேரைக் கொன்றார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் மாணவர்கள். அதை நிரந்தரமாக மூடிவிடலாம் என்று எண்ணுவது எளிது. மூடவில்லை. 2016 சனவரியில் மீண்டும் திறந்தார்கள். 2017-இல் அது முழுப் பல்கலைக்கழகமாயிற்று.

சந்தைப் பெண்கள் கட்டிய அமைதி முன்னே, கல்லூரி பின்னே என்ற இந்த வரிசையை நான் முக்கியமாகக் கருதுகிறேன். நம் நாட்டில் நாம் கட்டடத்திலிருந்து தொடங்குகிறோம். அடிக்கல், கல்வெட்டு, அமைச்சர் வருகை. மேய்ப்பவருக்கான பல்கலைக்கழகம் கிணற்றடியிலும் சந்தையிலும் தொடங்க வேண்டும். அதன் பருவங்கள் மந்தையின் பருவத்தோடு ஒத்திருக்க வேண்டும். மந்தை பெயரும் மாதத்தில் தேர்வு வைத்தால் மேய்ப்பன் மகன் தோற்பான். நோய்க்கு மருந்து அறிந்த கிழவிக்கு அங்கே ஆசிரியர் இருக்கை வேண்டும். நில அளவையும் சட்டமும் கட்டாயப் பாடமாக வேண்டும்.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். மேய்ச்சல் சாதியாரும் ஊர்த்தெருவில் இருந்தவர்கள்தாம். நம்மைச் சேரியில் நிறுத்திய ஒழுங்கில் அவர்களுக்கும் பங்குண்டு. 1927-இல் அண்ணல் மகாத்துக் குளத்து நீரை அள்ளிக் குடித்தது எதற்காக? ஆடு மாடு இறங்கிக் குடித்த குளத்தில் நம் மக்கள் கை நனைக்கக்கூடாது என்றிருந்ததனால் அல்லவா? ஆகவே புல்லுக்கான அமைதியை மட்டும் பேசி, தீண்டாமையைப் பேசாத பல்கலைக்கழகம் நமக்கு வேண்டாம். நம் தெருவிலும் ஆடு உண்டு. வாரத்துக்கு வாங்கிய ஆட்டைப் பெருக்கிப் பிள்ளையின் படிப்புச் செலவை ஈடுகட்டிய தாய்மார்கள் இந்த அவையிலேயே இருப்பார்கள். 2011 முதல் அரசு ஏழைப் பெண்களுக்கு இலவசமாக ஆடுகள் வழங்கியது. ஆடு வந்தது, மேய்ச்சல் நிலம் வரவில்லை. நாளைய பல்கலைக்கழகத்தில் அந்தத் தாயும் மேய்ப்பனும் ஒரே பாயில் அமர்ந்தால்தான் அது நமக்கும் உரியது.

ஐக்கிய நாடுகள் சபை, மங்கோலியா முன்மொழிந்தபடி, 2026-ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய ஆண்டாக அறிவித்தது. பெரிய அவைகளில் பெரிய பேச்சுகளுக்குக் குறைவிராது. நம் சங்கத்து இளைஞர்களிடம் நான் கேட்பது சிறியது. கோடை விடுமுறையில் நால்வர் நால்வராகச் சேர்ந்து, சுற்றுவட்டாரத்து ஒவ்வோர் ஊரின் 'அ' பதிவேட்டிலும் மேய்க்கால் புறம்போக்கு எத்தனை ஏக்கர் என்று எழுதியிருக்கிறது, தரையில் எத்தனை ஏக்கர் மிஞ்சியிருக்கிறது என்று பாருங்கள். கிராம நிர்வாக அலுவலர் காட்ட மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தின்படி எழுதிக் கேளுங்கள். போகும்போது மேய்ப்பவரையும், ஆடு வளர்க்கும் நம் தெருத் தாய்மார் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். எல்லைக் கல் எங்கே இருந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும். அந்தக் கணக்கை அடுத்த ஆண்டுவிழாவில் இந்த மேடையிலேயே படித்துக்காட்டும்படி சங்கச் செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.