சோலார் மீட்டரில் ஒரு கணக்குப் பாடம்



என் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: “டீச்சர், எங்க வீட்டு சோலார் நேத்து 12 யூனிட் தயாரிச்சுது. ஆனா 7 யூனிட்தான் வெளியே போனதா மீட்டர் காட்டுது. மீதி 5 எங்கே?” மீட்டர் தவறாக ஓடுகிறது என்று வீட்டில் பேச்சாம்.

மீட்டரில் தவறில்லை. கூரையில் தயாராகும் மின்சாரம் முதலில் வீட்டுக்குப் பயன்படும். மிஞ்சுவதுதான் வெளியே போகும். அந்த 5 யூனிட்டில் மோட்டாரும் மின்விசிறியும் ஓடிவிட்டன. ஸ்மார்ட் மீட்டர், வாரியத்திலிருந்து வருவதையும் வாரியத்துக்குப் போவதையும் தனித்தனியே பதிகிறது. வீட்டுக்குள்ளேயே தீர்ந்தது அதில் ஏறாது.

அன்று வாரியத்திலிருந்து வந்தது 6 யூனிட். வீட்டின் மொத்தச் செலவு 12 − 7 + 6 = 11 யூனிட். வாரியத்துடன் நிகரக் கணக்கு 6 − 7 = −1. குறை முழுக்கள் எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இது போதும்.

வகுப்பில் ஒரே ஒரு வீட்டில் சோலார் இருந்தாலும் பாடம் நடத்தலாம். உற்பத்தி, வரவு, போக்கு ஆகிய மூன்று எண்களையும் தினமும் ஒரே நேரத்தில் குறித்து வரச் சொல்லுங்கள். முந்தைய நாள் எண்ணைக் கழிப்பதை எல்லாரும் கரும்பலகையில் செய்யட்டும். பெற்றோர் துணையுடன் பார்த்து எழுதினால் போதும். எதையும் தொடக் கூடாது.

பில் குறைந்ததால் செலவும் குறைந்துவிட்டது என்று பிள்ளைகள் எண்ணிவிடக் கூடாது. −1 என்று முடிந்த நாளிலும் அந்த வீடு 11 யூனிட் செலவழித்திருக்கிறது. இதைப் பிள்ளைகளே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கட்டும்.