வானம் காட்டும் சிறுமை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

 

பத்தாண்டுகளுக்கு முன்பு ஒரு வீட்டின் மொட்டை மாடியில் பாய் விரித்து அமர்ந்து நாம் தொடங்கியது இந்த வட்டம். முதல் கூட்டத்திலேயே மின்சாரம் நின்றுபோயிற்று. மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒருவர் கவிதை படித்தார், கேட்டவர் பதினொருவர். அவர்களுள் நானும் ஒருத்தி. அன்று நமக்குக் கூரையாக இருந்தது விண்மீன் நிறைந்த வானம். இன்று மண்டபம் வந்திருக்கிறது, மேடை வந்திருக்கிறது, மலரும் வரவிருக்கிறது. வளர்ச்சி மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் கூரை வந்ததும் வானம் மறைந்துவிடுகிறது. அதை நினைவூட்டத்தானோ என்னவோ, விழாக் குழுவினர் 'அண்டமும் மனிதனும்' என்னும் பொருளில் என்னைப் பேசப் பணித்திருக்கின்றனர்.

நான் இயற்பியல் கற்றவள் அல்லள். சங்க இலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்து, கல்லூரியில் தமிழ் பயிற்றுவிப்பவள். எனவே அண்டத்தை அளந்து காட்டும் தகுதி எனக்கில்லை. அண்டத்தின்முன் நின்ற ஓர் இரவில் ஒரு மாணவி எனக்குக் கற்பித்ததை மட்டும் உங்கள்முன் வைக்க விழைகிறேன்.

காவலூரில் ஓர் இரவு

ஈராண்டுகளுக்கு முன்பு, தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், எங்கள் மாணவியரைச் சவ்வாது மலையிலுள்ள காவலூருக்கு அழைத்துச் சென்றோம். ஆலங்காயத்தைக் கடந்து காட்டு வழியே ஏறினால் வைணு பாப்பு வானாய்வகம் வரும். 1986இல் நாட்டுக்கு ஒப்படைக்கப்பட்ட, 2.3 மீட்டர் குறுக்களவுள்ள கண்ணாடி பொருந்திய பெருந்தொலைநோக்கி அங்கே இருக்கிறது. எங்களுக்கு வாய்த்தது பார்வையாளர்க்கென வைத்திருந்த சிறிய தொலைநோக்கிதான். அதுவே எங்கள் அகந்தையை அடக்கப் போதுமானதாக இருந்தது.

முதலில் கார்த்திகையைக் காட்டினார்கள். நம் முன்னோர் அறுமீன் என்று அழைத்த கூட்டம். வெறுங்கண்ணுக்கு ஆறாகத் தெரிந்தது, குழாய் வழியே பார்த்தபோது பல பத்தாகப் பெருகிற்று. அக்கூட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள் உள்ளன என்றும், அன்றிரவு எங்கள் கண்ணைத் தொட்ட ஒளி ஏறத்தாழ 440 ஆண்டுகளுக்கு முன்பு புறப்பட்டது என்றும் விளக்கினார்கள். நாயக்கர் ஆட்சிக் காலத்தில் கிளம்பிய ஒளி! அடுத்து, புகைத்திட்டுப் போல மங்கிய ஒன்றைக் காட்டினார்கள். அது ஆண்ட்ரோமெடா என்னும் விண்மீன் பேரவை. அதன் ஒளி நம்மை வந்தடைய 25 இலட்சம் ஆண்டுகள் ஆகின்றன. நம் கதிரவன் இருக்கும் பால்வழியில் மட்டும் பத்தாயிரம் கோடிக்குக் குறையாத விண்மீன்கள். அத்தகைய பேரவைகளோ பல்லாயிரம் கோடி.

திரும்பும் வழியில், பேருந்தில், ஆசிரியர்க்கே உரிய வழக்கப்படி நான் பேசத் தொடங்கினேன். "பார்த்தீர்களா, இத்தனை பெரிய அண்டத்தில் மனிதன் எம்மாத்திரம்? தூசியிலும் தூசியன்றோ நாம்!" என்றேன். மாணவியர் அமைதியாக இருந்தனர். பின்னிருக்கையிலிருந்து ஒருத்தி மட்டும் மெல்லக் கேட்டாள்: "அங்கேர்ந்து பாத்தா ஊருன்னும் தெரியாது, காலனின்னும் தெரியாது. அப்படித்தானேம்மா?"

அவள் குரலில் துயரம் இல்லை. நெடுநாள் சுமந்த ஒன்றைச் சற்றே இறக்கி வைத்தவளின் ஆறுதல் இருந்தது. நான் எதை மனிதனின் தாழ்வு என்று சொன்னேனோ அதை அவள் விடுதலையாகக் கண்டாள். எனக்கு மறுமொழி வரவில்லை.

இருவகைச் சிறுமை

'சிறுமை' என்னும் சொல்லுக்குத் தமிழில் அளவின் சிறுமை என்றும் பொருளுண்டு. இழிவு என்றும் பொருளுண்டு. வானம் நமக்குக் காட்டுவது முதல் வகை. மனிதன் மனிதனுக்கு இழைப்பது இரண்டாம் வகை. முன்னது எல்லார்க்கும் பொது. அரசனும் ஆண்டியும் அதன்முன் ஓரளவே. பின்னது பொதுவன்று; அது சிலர் தலைமேல் மட்டும் ஏற்றப்படுவது. முன்னதை உள்ளவாறு உணர்ந்தவனால் பின்னதைச் செய்ய இயலாது. நான் இன்று சொல்ல வந்த கருத்து இவ்வளவே.

இது என் கண்டுபிடிப்பன்று. புறநானூற்றின் 192ஆம் பாடலை நாம் அனைவரும் அறிவோம். அதன் முதலடியை மேடைதோறும் முழங்குகிறோம்; முடிவை மறந்துவிடுகிறோம். மழையால் பெருகிக் கல்லில் மோதி இரையும் ஆற்றில், நீரின் போக்கிலே செல்லும் தெப்பத்தைக் காட்டுகிறார் புலவர். உயிரும் அத்தகையதே என்று தெளிந்தபின் அவர் அடையும் முடிவு யாது? அழுகையன்று, அவநம்பிக்கையன்று. பெரியவரைக் கண்டு வியப்பதில்லை. சிறியவரை இகழ்வதோ அதனினும் இல்லை என்பது. 'அதனினும் இல்லை' என்று எடை போட்டுச் சொன்ன நுட்பத்தை எண்ணிப் பாருங்கள். வியத்தல் குற்றமென்றால் இகழ்தல் பெருங்குற்றம். அவர் பெயரின் முன்னுள்ள 'கணியன்' என்பது காலத்தையும் கோளையும் கணிப்பவனைக் குறிக்கும் சொல். வானைக் கணித்தவரின் மரபில் வந்த ஒருவர் மண்ணில் கண்ட அறம் இது என்று கொள்வது எனக்கு உவப்பாக இருக்கிறது.

குறுந்தொகையின் மூன்றாம் பாடலில் தேவகுலத்தார் படைத்த தலைவி, தன் அன்பை நிலத்தோடும் வானோடும் கடலோடும் வைத்து அளக்கிறாள். மூன்றினும் பெரிது என்கிறாள். அளந்து முடித்து அவள் வந்து நிற்குமிடம் ஒரு குறிஞ்சிப் பூவும் அதில் தேன் எடுக்கும் வண்டும் வாழும் மலைச்சாரல். வானத்தின் பரப்பு அவளைச் சுருக்கிவிடவில்லை. அளக்கும் கோலாக அதைக் கையில் எடுத்துக்கொண்டாள் அப்பெண்.

கதிரில் மிதக்கும் துகள்

திருவாசகத்தின் திருவண்டப்பகுதியில் மாணிக்கவாசகர் அண்டங்களை எண்ணுகிறார். நூற்றொரு கோடிக்கும் மேலாக விரிந்த உருண்டைகள் அத்தனையும், இறைவன் பெருமைமுன், வீட்டினுள் நுழையும் கதிரொளியில் மிதக்கும் நுண்துகள்போலச் சிறிதாகின்றன என்பது அவர் காட்டும் காட்சி. கூரை ஓட்டையின் வழியே வெயில் விழும் வீட்டில் பிறந்தவர்க்கு அவ்வுவமைக்கு உரை வேண்டியதில்லை.

1990 பிப்ரவரி 14 அன்று, 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 என்னும் விண்கலம், ஏறத்தாழ 600 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து நம் புவியைத் திரும்பிப் பார்த்துப் படம் எடுத்தது. கார்ல் சேகன் என்னும் வானியலறிஞர் பல ஆண்டுகள் வற்புறுத்தியதன் பயன் அது. படத்தில் சிதறிய கதிரவன் ஒளி பட்டைகளாக விழுந்திருக்கிறது. அவற்றுள் ஒரு பட்டையின் நடுவே வெளிறிய நீலப் புள்ளியொன்று. படத்தின் ஒரு படப்புள்ளியைக்கூட முழுமையாக நிரப்பாத அதுதான் நம் புவி. மாணிக்கவாசகர் வாயேஜரை முன்னரே அறிந்திருந்தார் என்று முழங்க நான் வரவில்லை. அவ்வாறு முழங்குவது அவர்க்கும் அறிவியலுக்கும் செய்யும் சிறுமை. வெயிலில் மிதக்கும் துகளைக் கூர்ந்து நோக்கிய ஒரு கவிஞர் உள்ளமும், கருவியின் கண்ணும் ஒரே காட்சியில் வந்து நிற்பதை மட்டும் சொல்கிறேன்.

அறிவியலாளர் அவையிலும் கணியனார் சொன்ன குற்றம் நிகழாமலில்லை. 1930இல், பத்தொன்பது வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலேறிய தமிழ்க் குடும்பத்து இளைஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர், கடற்பயணத்தின்போதே மடியும் விண்மீன்களின் நிறைக்கு ஓர் எல்லை உண்டெனக் கணக்கிட்டார். அவருடைய அன்னையார் சீதாலட்சுமி, இப்சனின் நாடகத்தைத் தமிழில் பெயர்த்தவர் என்பது நம் வட்டத்தார் அறியத்தக்க செய்தி. 1935 சனவரியில் இலண்டனில் கூடிய வானியல் அவையில் சந்திரசேகர் தம் முடிவை எடுத்துரைத்தபோது, அக்காலத்துப் பேரறிஞர் எடிங்டன் எழுந்து அதை எள்ளி நகையாடினார். அவை பெரியவரை வியந்தது, இளையவரை இகழ்ந்தது. 1983இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. எடிங்டனைப் பற்றி அவரோ இறுதிவரை மதிப்போடுதான் பேசினார். விண்மீன்களின் இறப்பை அளந்தவர்க்கு மனிதரை இகழ மனம் வரவில்லை போலும்.

விடுபட்டவை

வாயேஜர் கலங்களில் பொன் முலாம் பூசிய இசைத்தட்டு ஒன்று வைக்கப்பட்டுள்ளது. புவிமக்களின் வாழ்த்து 55 மொழிகளில் அதில் பதிவாகியிருக்கிறது. தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, சிங்களம் உண்டு. வழக்கொழிந்த சுமேரியமும் உண்டு. தமிழ் இல்லை. இச்செய்தியை முதன்முதலில் அறிந்தபோது நான் கொதித்துப் போனேன். வகுப்பில் அதைச் சொல்லி ஒரு மணி நேரம் பேசினேன். ஈராயிரம் ஆண்டுப் பாட்டு மரபுடைய மொழியை எப்படி விடுவார்கள் என்று கேட்டேன்.

அந்த வகுப்பிலும் இந்தப் பெண் இருந்தாள். அதற்குச் சில திங்களுக்கு முன் அவள் என்னிடம் ஒரு கவிதையைக் கொடுத்திருந்தாள். பீடி சுற்றும் தாயைப் பற்றியது. இரவில் வாசலில் அமர்ந்து தாய் கட்டுகளை எண்ணுகிறாள்; மகள் விண்மீன்களை எண்ணுகிறாள்; இருவர் கணக்கும் முடிவதில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? சந்திப் பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்து, ஒற்று மிகும் இடங்களை விளிம்பில் எழுதி, கவிதையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தேன். அதன்பின் அவள் எதையும் எழுதிக் கொண்டுவரவில்லை.

ஓர் இசைத்தட்டில் என் மொழி விடுபட்டதற்குக் கொதித்த நான், ஒரு பெண்ணின் மொழியை என் மேசையிலிருந்தே விட்டுவிட்டேன். காவலூரிலிருந்து திரும்பிய அந்த இரவில், அவள் கேள்விக்குப் பிறகுதான் இது என் நெஞ்சில் உறைத்தது. மறுநாள் அவளை அழைத்து அக்கவிதையைக் கேட்டேன். "கிழிச்சுட்டேம்மா" என்றாள். சினமின்றித்தான் சொன்னாள். அதுவே எனக்குப் பெருந்தண்டனை.

கவிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்

கவிஞர் பெருமக்களே, அண்டத்தைப் பாடுங்கள். ஆனால் அதை அணிகலனாக மட்டும் பயன்படுத்தாதீர்கள். 'நாம் வெறும் தூசி' என்று எழுதி முடிப்பது எளிது. அது பல வேளைகளில் பொறுப்பினின்று நழுவும் வழி. எல்லாமே தூசியென்றால் எந்த அநீதிக்கும் எவரும் விடை சொல்ல வேண்டியதில்லை அன்றோ? கணியனார் அந்த வழியில் செல்லவில்லை. தாம் சிறியர் என்று அறிந்ததும் அவர் திரும்பிப் பார்த்தது அடுத்திருக்கும் மனிதரை.

ஒளியாண்டு, பேரவை, கருந்துளை என்னும் சொற்கள் நம் கவிதைக்குள் வரட்டும். அவற்றோடு பீடிக் கட்டும் வரட்டும். வாயேஜர் 1 இப்போது 2,400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் சென்றுகொண்டிருக்கிறது. அங்கிருந்து ஒரு செய்தி நம்மை வந்தடையக் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகிறது. பின்னிருக்கையிலிருந்து ஒரு சொல் என்னை வந்தடைய அதைவிடக் கூடுதலான காலம் ஆயிற்று என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

நிறைவாக ஒரு விண்ணப்பம். நம் வட்டத்தின் பதினோராம் ஆண்டின் முதற்கூட்டத்தை மீண்டும் மொட்டை மாடியில் நடத்துவோம். இன்று பட்டம் முடித்துவிட்ட அம்மாணவி, பலமுறை கேட்டபின், அங்கு வந்து படிக்க இசைந்திருக்கிறாள். பழைய கவிதை இனிக் கிடைக்காது. புதிதாக எழுதியிருப்பதாகச் சொன்னாள். அதில் சந்திப் பிழைகள் இருக்கக்கூடும். அன்று நான் சிவப்புப் பேனா கொண்டுவர மாட்டேன். நீங்களும் உங்கள் விருதுகளையும் பட்டங்களையும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். நம் அனைவர்க்கும் மேலே பொதுவாக வானம் இருக்கும்.