அசையும் கோடுகளில் ஒரு கடைவீடு



கட்டடக்கலை பயிலும் மாணவரிடம் ஒரு கட்டடத்தை ஆராய்ந்து வருமாறு பணித்தால், அவர் தரைப்படமும் வெட்டுப்படமும் நிழற்படங்கள் சிலவும் கொண்டுவருவார். அனைத்தும் தேவையானவையே. ஆயினும் அவற்றில் பொழுது நகர்வதில்லை. மனிதர்களும் அரிதாகவே தென்படுகின்றனர். ஒரு நிமிடம் ஓடும் அசைவூட்டக் குறும்படம் ஒன்றையும் மாணவரிடம் கேட்க வேண்டும் என்பதே இன்று நாம் முன்வைக்கும் கருத்து.

நம் ஊர்க் கடைவீட்டையே எடுத்துக்கொள்வோம். முகப்பு ஒடுங்கியது, உள்ளே நெடுந்தூரம் நீள்வது. இரு பக்கச் சுவர்களும் அண்டை வீடுகளோடு பொதுவானவை. அவற்றில் சன்னல் வைக்க இயலாது. எனவே வெளிச்சமும் காற்றும் முன்புறம், பின்புறம், நடுவே வானம் பார்த்த முற்றம் ஆகியவற்றின் வழியாகவே வந்தாக வேண்டும். மாணவர்கள் இதை வெட்டுப்படமாக வரைந்து, வாசலில் நுழைந்து முற்றத்தின் வழியே மேலெழும் வளைந்த அம்புக்குறி ஒன்றை இடுவார்கள். அந்த அம்புக்குறியை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஏட்டுக்கு ஏடு அது அப்படியே பெயர்த்து எழுதப்பட்டு வருகிறது.

அதையே அசைத்துக் காட்டச் சொன்னால் நிலைமை மாறுகிறது. எந்த நேரத்துக் காற்று? நண்பகலா, மழைக்கு முந்தைய பொழுதா? கடைக் கதவுகள் சாத்தியிருக்கும்போது என்ன ஆகும்? முற்றத்தின் மேல் பிற்காலத்தில் கண்ணாடிக் கூரை வேய்ந்திருந்தால்? விடை வேண்டுமானால் மாணவர் மீண்டும் அவ்வீட்டிற்குச் சென்று, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்து, புகை எத்திசையில் போகிறது என்று பார்த்தாக வேண்டும். சில வேளைகளில் அது அம்புக்குறிக்கு எதிராகவும் போகும். அதைக் கண்ட கணமே ஆராய்ச்சி தொடங்குகிறது.

ஐந்தடிப் பாதைக்கும் இது பொருந்தும். 1822ஆம் ஆண்டில் ராஃபிள்ஸ், ஒவ்வொரு வீட்டின் முன்னும் தெருநெடுகத் தொடரும் கூரையிட்ட நடைவழி இருக்க வேண்டும் என நகரமைப்புக் குழுவுக்கு விதித்தார். (பெயர்தான் ஐந்தடி, அகலம் இடத்திற்கு இடம் வேறுபடும்.) தரைப்படத்தில் அது வெறும் இரு கோடுகள். பெருமழையில் சாலை நடுவிலிருந்து ஓடிவரும் ஒருவரை வரைந்து பாருங்கள். அவ்விரு கோடுகள் எதற்காக என்பது விளங்கும்.

இனி, மார்க்கெட் ஸ்திரீட்டில் இருந்த செட்டியார்களின் கிட்டங்கிகள். தரைப்படத்தில் கிட்டங்கி என்பது தடுப்புச் சுவரற்ற ஒரு நீண்ட கூடம், அவ்வளவே. ஆனால் அக்கூடத்தில் பெட்டியும் சாய்வு மேசையுமாகப் பலர் வரிசையாக அமர்ந்து வட்டித்தொழில் நடத்தினர். ஒவ்வொருவர் பெட்டியடியும் ஒரு தனி நிறுவனம். இரவில் அவர்களில் பலர் அதே கட்டடத்திலேயே பாய் விரித்து உறங்கினர். சுவர்கள் செய்யாத பிரிவினையை மேசைகளும், அறைகள் செய்யாத பிரிவினையைப் பொழுதும் செய்தன. இன்று அக்கட்டடங்கள் அங்கில்லை. அளவுகளை ஆவணங்களில் தேடலாம். எந்த மேசை எங்கிருந்தது, விளக்கு அணைந்தபின் யார் எங்கே படுத்தார் என்பதை அங்கு வாழ்ந்த முதியவர்களிடமே கேட்டறிய வேண்டும். அவர்களும் அருகி வருகிறார்கள். இந்தப் பணியை நாம் தள்ளிப்போட முடியாது என்பதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

வகுப்பின் முதல் நாளில் காட்டுவதற்கு நாம் பரிந்துரைப்பது ஜப்பானியரான குனியோ கதோ 2008இல் இயக்கிய பன்னிரண்டு நிமிடப் படம். நீர்மட்டம் உயர உயர, முதியவர் ஒருவர் தம் வீட்டின்மேல் இன்னொரு வீட்டைக் கட்டிக்கொண்டே போகிறார். தவறி விழுந்த புகைக்குழாயைத் தேடித் தரைக்கதவு வழியாக நீரில் இறங்கும்போது, தளம் தளமாக அவர் வாழ்க்கை பின்னோக்கி விரிகிறது. படத்திற்கு ஆஸ்கார் விருது கிடைத்தது. நமக்கு முக்கியமானது, வெட்டுப்படம் என்னும் வரைமுறைக்கு அதைவிடத் தெளிவான விளக்கத்தைக் காண்பது கடினம் என்பதே.

மென்பொருள் கற்பதிலேயே பருவம் கழிந்துவிடும் என்பது ஆசிரியர்கள் சிலரின் அச்சம். அது நியாயமானதே. ஆனால் வெட்டிய தாளும் ஒரு கைப்பேசியும் போதும். நொடிக்குப் பன்னிரண்டு படம் என்றால் ஒரு நிமிடத்திற்கு 720 படங்கள். இத்தனை உழைக்க வேண்டியிருப்பதால் தேவையற்றதை மாணவரே விட்டுவிடுகிறார். விற்பனை விளம்பரங்களில் கட்டடத்தைச் சுற்றிப் பறக்கும் படக்கருவியை மட்டும் நாம் ஏற்கலாகாது. அது எதையும் ஆராய்வதில்லை, எல்லாவற்றையும் புகழ்கிறது.

படத்தின் பின்னணிக் குரல் தமிழில் இருக்கட்டும். முற்றம், நடை, திண்ணை, தாழ்வாரம், பெட்டியடி ஆகிய சொற்கள் நம்மிடம் ஆயத்தமாக உள்ளன. கண்ணாடிக் கூரை மூடிய முற்றத்தை இன்னும் முற்றம் என்றே அழைக்கலாமா என்று அந்த மாணவர் கேட்டால், ஆசிரியர் உடனே விடை சொல்லாமல் அடுத்த வாரத்திற்கு இன்னொரு நிமிடப் படம் கேட்கலாம்.