ஆய்வுக்கு முன் திட்டம்

(மதுராந்தகத்தில் ஜமாஅத் மாணவ மாணவியருக்காக நடைபெற்ற கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

நம் பிள்ளைகள் முதுநிலை அறிவியல் படிப்பில் சேர்வது இன்று புதிய செய்தியன்று. ஆயினும் அப்படிப்பின் இறுதிப் பருவத்தில் வரும் ஆய்வுத் திட்டத்தைப் பலரும் ஒரு சடங்காகவே கருதுகின்றனர். பழைய ஆய்வேட்டைப் பார்த்து எழுதுவதும், பணம் கொடுத்து எழுதி வாங்குவதும் ஆங்காங்கே நடக்கின்றன. இதனால் இழப்பது மதிப்பெண்ணை மட்டுமன்று என்பதையே இன்று நாம் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, முனைவர் பட்டச் சேர்க்கைக்குப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் நுழைவுத் தேர்வில் சரிபாதி ஆய்வு நெறிமுறையைப் பற்றியதாகும். அக்குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளோ, ஆய்வேட்டில் 60 விழுக்காட்டுக்கு மேல் பிறர் எழுத்து இருப்பின் மாணவரின் பதிவையே நீக்குமாறு கூறுகின்றன. 2009இல் சிறுபான்மை மாணவர்களுக்கெனத் தொடங்கப்பட்ட மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகையும் 2022-23ஆம் கல்வியாண்டு முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே இனி நம் பிள்ளைகள் பொதுப் போட்டியில் நின்றே ஆய்வு வாய்ப்பைப் பெற வேண்டும். அதற்குரிய பயிற்சிக் களம் முதுநிலை ஆய்வுத் திட்டமே.

திட்டமிடுதல் என்றால் என்ன? நமது வட்டத்திலுள்ள வேடந்தாங்கலையே எடுத்துக்கொள்வோம். அவ்வூர் ஏரியில் கூடு கட்டும் பறவைகளை உழவர்கள் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்து வருகின்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகிறது என்பது அவர்களின் அனுபவ அறிவு. இதனை ஆய்வாக்க விரும்பும் மாணவர், “வேடந்தாங்கல் பறவைகள் பற்றிய ஓர் ஆய்வு” என்று தலைப்பிட்டால் அதற்கு எல்லையே இராது. “பறவைகள் வந்தபின் ஏரி நீரில் நைட்ரேட் அளவு கூடுகிறதா?” என்று கேட்டால் அளந்து விடை காணலாம். இதுவே முதற்படி.

நைட்ரேட் கூடியிருந்தாலும் அது பறவைகளால் வந்ததென்று உடனே கூறிவிட முடியாது. சுற்றியுள்ள வயல்களில் இட்ட உரமும் மழைநீரோடு ஏரிக்கு வரும் அல்லவா? ஆதலால் அதேபோன்ற வயல்கள் சூழ்ந்த, ஆனால் பறவைகள் கூடு கட்டாத வேறோர் ஏரியின் நீரையும் அதே நாட்களில் சோதித்து ஒப்பிட வேண்டும். ஒரே இடத்தில் ஒரு குப்பி நீர் எடுத்தால் போதாது. ஏரியின் பல இடங்களில் எடுக்க வேண்டும். எடுத்த நீரைக் குளிர்ந்த நிலையில் வைத்து விரைவில் சோதிக்காவிடில் அளவு மாறிவிடும். எனவே ஆய்வகத்தில் எந்த நாளில் இடம் கிடைக்கும் என்பதும் திட்டத்தின் ஒரு பகுதியாகிறது.

இனிக் காலத்தைக் கவனியுங்கள். கோடையில் ஏரி நீர் வற்றிக் குறையும். வடகிழக்குப் பருவமழையோடு நீர் பெருகும், பறவைகளும் வரத் தொடங்கும். பறவைகள் நிறையுமுன் நீர் எடுப்பதற்குச் சில வாரங்களே கிடைக்கும். சரணாலயத்தினுள் ஆய்வு செய்ய, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதியும் வேண்டும். ஜனவரியில் இறுதிப் பருவம் தொடங்கிய பிறகு தலைப்பைத் தேடும் மாணவருக்கு அந்த வாரங்கள் கடந்து போயிருக்கும். ஒப்பிடுவதற்குரிய முதல் அளவு இல்லாமல், பின்னர் எத்தனை முறை அளந்தும் பயனில்லை. ஜூலையிலேயே கேள்வியை எழுதி, ஆகஸ்டில் அனுமதிக்கு விண்ணப்பித்து, செப்டம்பரில் இடத்தை நேரில் பார்த்து வந்த மாணவரே ஏப்ரலில் தன் சொந்த ஆய்வேட்டைக் கையில் ஏந்துவார்.

நேரில் பார்ப்பதன் அவசியத்திற்கு ஒரு வரலாறும் உண்டு. பஸ்ராவில் பிறந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னுல் ஹைதம், நைல் நதியின் வெள்ளத்தைக் கட்டுப்படுத்த முடியுமெனக் கருதி, கலீஃபாவின் ஆதரவோடு தென்திசைக்குப் பயணமானார் என்றும், நிலத்தைக் கண்டபின் அது இயலாதென உணர்ந்து திரும்பினார் என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். ஒளியைப் பற்றிய அவரது பெருநூல், முன்னோர் கூற்றையும் சோதனையால் சரிபார்த்தே ஏற்ற நூலாகும். எதிர்பார்த்த விடை வராத ஆய்வும் ஆய்வே. நைட்ரேட் கூடவில்லை என்று கண்டால் அதையே எழுதுங்கள், அளவுகளைத் திருத்தாதீர்கள்.

பெற்றோர்களே! நீர்க்குப்பிக்கும், பயணத்திற்கும், சோதனைக்கும் ஆகும் செலவை வீண் என எண்ணாதீர்கள். ஏரிக்கரைக்குச் செல்ல வேண்டிய பெண் பிள்ளைகளைத் தடுக்காமல், ஒருவர் துணைக்குச் சென்று வாருங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றே. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதத்தில், நம் மஹல்லாவின் பட்டதாரிகளும் ஆசிரியர்களும் ஒரு நாள் மாலை அமர்ந்து, முதுநிலை மாணவர்களின் ஒரு பக்கத் திட்டத்தைப் படித்துப் பார்க்கட்டும். கேள்வி என்ன, எப்படி அளப்பது, எதனோடு ஒப்பிடுவது, எந்த மாதத்தில் எந்த வேலை, எவ்வளவு செலவு ஆகிய ஐந்தும் அதில் இருந்தால் போதும். வரும் ஜூலையிலேயே இதைத் தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.