பள்ளி மேடைக்கு யாரை அழைப்போம்?

(அம்பத்தூர்ப் பகுதிப் பள்ளியொன்றில், திங்கள்தோறும் வெளியாரை அழைத்து மாணவர்க்கு உரை நிகழ்த்தச் செய்யும் தொடரின் தொடக்க நாளன்று ஆற்றிய உரை.)

 

இத் தொடர் நல்ல முயற்சி என்று வாழ்த்திவிட்டு அமர்ந்திருக்கலாம். ஆனால் வாழ்த்துவதற்கு முன் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். மேடை என்பது கத்தியைப் போன்றது. யார் கையில் கொடுக்கிறோம் என்பதைப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

ஒருவர் நின்று பேச, மற்றவர் அமர்ந்து கேட்கும் இம் முறை நம்மிடையே எப்பொழுது வந்தது? கோயில்களில் பழம்பாடல்களைப் படித்துப் பொருள் சொல்லும் வழக்கம் முன்பே உண்டு. எடுத்துக்கொண்ட பொருளின்மேல் உரைநடையில் தொடர்ந்து பேசும் மேடைப்பேச்சைக் கிறித்தவத் தொண்டர்களிடம் கண்டு, அதையே தம் சமயத்திற்குக் கருவியாக்கிக் கொண்டவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். அவர் வெசுலியன் பள்ளியில் பயின்றவர், அங்கேயே கற்பித்தவர். 1847 திசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பேசத் தொடங்கினார். பின் வெள்ளிதோறும் பேச்சு நடந்தது. மறு ஆண்டே, 1848 இல், அவ்வூரிலேயே பள்ளிக்கூடமும் தொடங்கினார். மேடையும் பள்ளியும் ஓராண்டு இடைவெளியில் பிறந்த உடன்பிறப்புகள்! (சாதி பற்றி நாவலர் கொண்டிருந்த கருத்துகள் நமக்கு உடன்பாடானவை அல்ல, அதற்காக அவர் உரைநடைக்குச் செய்ததை மறைப்பதும் நேர்மையன்று.)

அவ்வளவு தொலைவு ஏன் போக வேண்டும்? நம் பக்கத்திற்கு வருவோம். போரூரை அடுத்த துள்ளம் என்னும் சிற்றூரில் 1883 இல் பிறந்தவர் திரு.வி.க. நம்மைப் போல் பள்ளித் தமிழாசிரியராய் இருந்தவர். அப் பணியை விட்டு வந்து, 1917 இல் 'தேசபக்தன்' ஆசிரியரானார். 1918 இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபொழுது ஆலைத் தொழிலாளரிடையே நின்றார். ஆங்கிலத்தில் முழங்குவதே தலைமைக்கு அடையாளம் என்று கருதப்பட்ட அரசியல் மேடையில், நூற்கும் கைகளும் நெய்யும் கைகளும் விளங்கிக் கொள்ளும்படி நல்ல தமிழில் பேசினார். தமிழாசிரியன் மேடை ஏறினால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது.

இன்று நம் பள்ளிகட்கு வருகிறவர்கள் யார்? சில ஆண்டுகட்கு முன், நான் பணியாற்றிய பள்ளியொன்றுக்குப் பெரிய நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்தார். நாற்பது மணித்துளிகள் ஆங்கிலத்தில் பேசினார். இடையிடையே தமிழ் வினைமுற்றுகள் மட்டும் தலைகாட்டின. கேட்டவர்களோ பட்டறைத் தொழிலாளர் பிள்ளைகள். ஆசிரியர் கைதட்டியபொழுதெல்லாம் அவர்களும் தட்டினார்கள். முடிந்தபின் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, "ஐயா, அவர் நம்மைப் பாராட்டினாரா, திட்டினாரா?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். இரவு நினைத்துப் பார்க்கையில் சிரிப்பு வரவில்லை.

தமிழில் பேசிவிட்டால் மட்டும் போதுமா? போதாது. 2024 ஆம் ஆண்டு சென்னையில் அசோகர் நகரிலும் சைதாப்பேட்டையிலும் உள்ள அரசுப் பள்ளிகளில் நிகழ்ந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஊக்கமூட்டுவார் என்று அழைக்கப்பட்ட ஒருவர், உடற்குறையோடும் வறுமையோடும் பிறப்பதெல்லாம் முற்பிறவித் தீவினையின் பயன் என்று மாணவர்முன் பேசினார். பேசியது தமிழில்தான்! அப்பொழுது தமிழாசிரியர் ஒருவர், அவரே கண்பார்வையற்றவர், அதனைத் தடுத்துக் கேட்டார். வந்தவரோ பிள்ளைகள் காண அவ்வாசிரியரையே எதிர்த்து வழக்காடினார். காட்சி நாடெங்கும் பரவியது, பேசியவர் தளைப்படுத்தப்பட்டார், தலைமையாசிரியர்கள் இடமாற்றம் செய்யப்பட்டனர், பள்ளி நிகழ்ச்சிகட்கு நெறிமுறை வகுக்கப்படும் என்று அரசு அறிவித்தது.

நெறிமுறை வரட்டும். ஆனால் என் உள்ளத்தை அறுப்பது வேறொன்று. பூவிருந்தவல்லியில் பார்வையற்ற பிள்ளைகட்கென்றே அரசு மேனிலைப் பள்ளி இருக்கிறது. அப் பிள்ளைகள் தொடுவிரலால் எழுத்தைத் தடவித் தடவி நாள்தோறும் படிக்கிறார்கள். அவர்களைப் பார்த்து, 'நீ போன பிறவியில் செய்த குற்றம்' என்று சொல்ல எந்த நாக்குக்கு உரிமை உண்டு? பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பித்த அதே பழைய நஞ்சுதானே, இன்று 'ஊக்கவுரை' என்னும் புதுக் குப்பியில் வருகிறது? அத்தனை பேர் அமர்ந்திருந்த அவையில் அவ்வாசிரியர் ஒருவராவது எழுந்தாரே! அவர் தமிழாசிரியர் என்பதில் எனக்குள்ள பெருமிதத்தை மறைத்துக் கொள்ளப் போவதில்லை.

மாணவச் செல்வங்களே, இங்கே ஒரு சொல்லை உற்று நோக்குங்கள். திருக்குறளில் கல்வி 40 ஆவது அதிகாரம், கல்லாமை 41, கேள்வி 42. அங்கே கேள்வி என்பது செவிவழிப் பெறும் அறிவு. நாமோ இன்று வினாவையும் கேள்வி என்கிறோம். செவிசாய்ப்பதற்கும் எதிர்த்து வினவுவதற்கும் 'கேட்டல்' என்று ஒரே சொல்லை வைத்திருப்பது தமிழ்! வினவ இடமில்லாத மேடையில் முழுக் கேள்வி இல்லை. எனவே இத் தொடரில் நாற்பது மணித்துளி பேச்சுக்கு. இருபது மணித்துளி உங்கள் வினாவுக்கு. இதற்கு உடன்படாதவர் எவ்வளவு பெரியவராயினும் நமக்கு வேண்டா. தலைமையாசிரியர் இதனை ஒப்புக் கொண்டார், நன்றி.

அறிவியலைத் தமிழில் எப்படிப் பேசுவது என்று தயங்கும் விருந்தினர்க்கும் ஒரு சொல். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், நாவலர் பேசத் தொடங்கிய அதே 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார். தமிழ் கற்றார். மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். கடல் கடந்து வந்தவர்க்கு இயன்றது, இங்கேயே பிறந்து இங்கேயே உண்டு வளர்ந்தவர்க்கு இயலாதா?

இனி யாரை அழைப்பது? பட்டம் பெற்றவர்களும் வரட்டும். ஆனால் முதலில் நம் தெருக்காரர்கள் வரட்டும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் எந்திரத்தின் முன் முப்பது ஆண்டு நின்றவர், மயிரிழை அளவுக்குப் பிசகாமல் இரும்பைக் கடைவது எப்படி என்று வந்து சொல்லட்டும். கடைசல், வார்ப்பு, அரம், துரப்பணம், மரை என்று அவர் வாயில் இருக்கும் சொற்கள் அகரமுதலியில் தூங்குவன அல்ல. 'மரை கழன்றவன்' என்று நீங்கள் ஒருவரையொருவர் ஏசிக் கொள்கிறீர்களே, அந்த மரை எது என்று உங்களில் எத்தனை பேர்க்குத் தெரியும்? திருமுல்லைவாயில் கோயிலுக்கு நம்மில் பலரும் போயிருக்கிறோம். சுவர்க் கல்வெட்டைப் படித்துக் காட்டுவார் ஒருவர் வந்தால், எழுத்து எப்படி எப்படி மாறி வந்தது என்பதைக் கண்ணாலேயே காணலாம்.

வரும் திங்களுக்குரிய விருந்தினரை நானே போய்ப் பார்த்தேன். பூவிருந்தவல்லிக்கு மேற்கே ஒரு சிற்றூர். ஏரி மடையைத் திறந்து வயலுக்கு முறைவைத்து நீர் பாய்ச்சிய நீர்க்கட்டிக் குடும்பத்தவர். அகவை எண்பதை நெருங்குகிறது. அந்த ஆயக்கட்டில் இப்பொழுது வீட்டுமனைக் கற்கள்தாம் விளைந்திருக்கின்றன. மடை, மதகு, கலங்கல், வரத்துக்கால் என்று அவர் சொல்லச் சொல்ல, 2015 திசம்பரில் நம் தெருக்களில் ஏன் படகு ஓடியது என்பது எனக்கே அன்றுதான் விளங்கியது. "எனக்குப் பேசத் தெரியாதே, வாத்தியாரையா" என்று தயங்கினார். "ஏரியைப் பற்றிச் சொல்லுங்கள், போதும்" என்றேன். "அது விடிய விடியச் சொல்வேனே!" என்றார்.

ஆகவே, ஒவ்வொருவரும் ஒரு வினாவைத் தாளில் எழுதிக் கொண்டு வாருங்கள். வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், உங்கள் தெரு முன்பு என்னவாக இருந்தது என்று கேட்டு எழுதினால் இன்னும் நன்று. ஒலிவாங்கி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஏரிக்கரையின் இக்கோடியில் நின்று அக்கோடிக்குக் குரல் கொடுத்துப் பழகியவராம்.