விழுந்த பல்லை வீசிவிடாதீர்கள்



"பல் போனால் சொல் போச்சு" என்பார்கள் நம் பெரியவர்கள். நான் மருத்துவன் அல்லன். தோட்டப் பள்ளி ஆசிரியன். ஆனால் பிள்ளை விழுந்து பல் தெறிக்கும் நேரத்தில் பக்கத்தில் நிற்பவர் மருத்துவரல்ல, நீங்களோ நானோதான். அதனால்தான் இதைப் பேச வந்தேன்.

நம் லிட்டில் இந்தியாவின் மார்க்கெட் ஸ்திரீட்டில், கடைகளின் ஐந்தடிப் பாதையில் ஓடும் பிள்ளை தடுக்கி விழுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பல் வேரோடு வந்துவிட்டது. நாம் என்ன செய்வோம்? பதறிப்போய்க் காப்பித்தூளை அப்புவோம். பல்லைக் கூரைமேல் எறிவோம். இல்லாவிட்டால் தாளில் மடித்து வைப்போம்.

கூரைமேல் எறியும் வழக்கம் பால்பல்லுக்கு உரியது. பால்பல்லைத் திரும்பப் பொருத்தவே கூடாது. உள்ளே வளரும் நிலைப்பல்லுக்குக் கேடு வரும். ஆனால் ஆறு, ஏழு வயதிலேயே முன்புறத்தில் நிலைப்பற்கள் முளைக்கத் தொடங்குகின்றன. அவை போனால் வேறு முளைக்காது.

விழுந்த நிலைப்பல் உடனே செத்துவிடுவதில்லை. வேரின்மேல் இருக்கும் மெல்லிய சவ்வு சிறிது நேரம் உயிரோடிருக்கும். காய்ந்தால் அது செத்துவிடும். ஆகவே இவற்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்:

1. பல்லை வெள்ளைப் பகுதியில் பிடியுங்கள். வேரைத் தொடாதீர்கள், தேய்க்காதீர்கள்.
2. அழுக்கிருந்தால் பாலில் மெதுவாக அலசுங்கள்.
3. பிள்ளை நல்ல நினைவோடிருந்தால், பல்லை அதே குழியில் பொருத்தி, கைக்குட்டையைக் கடிக்கச் சொல்லுங்கள்.
4. பயமாக இருந்தால் பல்லைப் பாலில் போடுங்கள். சாதாரணப் பால்தான், தேநீருக்கு ஊற்றும் இனிப்பு டின்பால் ஆகாது. தண்ணீரிலும் ஊறவைக்காதீர்கள்.
5. உடனே பல் மருத்துவரிடம் ஓடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் போவது மிக முக்கியம். முந்தினால் இன்னும் நல்லது.

பல் உடைந்தால் உடைந்த துண்டையும் எடுத்துச் செல்லுங்கள், ஒட்ட முடியலாம். பிள்ளை மயங்கினாலோ வாந்தி எடுத்தாலோ, பல்லைவிடத் தலைதான் முக்கியம், முதலில் ஆஸ்பத்திரி.

பெற்றோர்களே! நியூசிலாந்தில் 1921இல் தொடங்கிய முறையைப் பின்பற்றி, பள்ளிப் பிள்ளைகளுக்கான பல் தாதியர் பயிற்சி 1949இல் தொடங்கியது நம் பினாங்கில்தான். அப்படிப்பட்ட ஊரில், தெரியாமையால் ஒரு பிள்ளையும் பல்லை இழக்கலாமா? இன்றே பாட்டியிடமும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடமும் சொல்லி வையுங்கள். பரிசு வாங்க மேடை ஏறும் நம் பிள்ளைகள் வாய்விட்டுச் சிரிக்கட்டும்!