முதிரைப் பேனை



பேனையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் எழுத்தைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பேனையின் உடம்பிலிருந்து பெயர்ந்த சில்லைப் பற்றித்தான் பேச்சு. அரை நெல்மணி அளவுகூட இராது.

ஊரிலே எங்கள் விறாந்தையில் அப்பாவின் சாய்மனைக் கதிரை இருந்தது. நல்ல முதிரை. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் முழுவதும் எழுந்து நடந்தபோது நாங்களும் நடந்தோம். அடுத்த வருடம் திரும்பிப் போனபோது கதிரையின் ஒரு கை மட்டும் கிணற்றடியில் கிடந்தது. மிச்சம் யார் வீட்டு அடுப்பிலோ எரிந்திருக்கும். எரித்தவரையும் குறை சொல்ல முடியாது. அந்தக் கையை நான் கொழும்புக்குக் கொண்டுவந்தேன். வருடக்கணக்காக அலுமாரியின் மேலே கிடந்தது. மரம் கடையும் பொழுதுபோக்குள்ள நண்பர் ஒருவர் அதில் ஒரு சாண் அறுத்தெடுத்து எனக்குப் பேனை செய்து தந்தார்.

மரப்பேனை என்கிறோமே தவிர, உள்ளே இருப்பது பித்தளைக் குழாய். துளையிட்ட மரக்கட்டைக்குள் குழாயைப் பசை வைத்து இறுக்கி, பிறகுதான் கடைகிறார்கள். நுனிப்பக்கம் வரவர மரம் மெலிந்து, முடிவில் தடித்த கடதாசி அளவுக்கு வந்துவிடும். முதிரைக்கு இன்னொரு குணமும் உண்டு. அதன் இழை நேராக ஓடாது, மாறி மாறிப் பின்னி ஓடும். பட்டுத்துணி போன்ற அதன் மினுக்கத்துக்கும் அதுவே காரணம், சில்லுப் பெயர்வதற்கும் அதுவே காரணம்.

சென்ற வருடம் ஒருநாள் பேனை கைதவறிச் சீமெந்துத் தரையில் விழுந்தது. நுனியில் பித்தளை தெரிந்தது. நான் செய்த முதல் மடைத்தனம், தரையைக் கூட்டியது. இரண்டாவது, அரத்தூளைச் சுப்பர் குளூவில் குழைத்து அப்பியது. அந்தப் பசை 1942இல் அமெரிக்காவில், துப்பாக்கியின் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்ரிக் தேடியவர்கள் கையில் அகப்பட்டது. தொட்டதிலெல்லாம் ஒட்டுகிறதென்று அப்போது ஒதுக்கிவிட்டார்கள். 1958இல்தான் விற்பனைக்கு வந்தது. ஈரம் பட்டால் இறுகும் பசை. கொழும்புக் காற்றிலே ஈரத்துக்கு என்ன பஞ்சம்? நான் சரிபார்க்க முன்னரே இறுகிவிட்டது. மஞ்சள் மரத்தில் தார்ப்பொட்டு வைத்ததுபோல ஒரு கறை.

அதோடு மாளிகாவத்தைக்குப் போனேன். பஞ்சிகாவத்தை வாகன உதிரிப்பாகக் கடைகளைத் தாண்டி, தொடர்மாடிகளின் பின்புற ஒழுங்கை ஒன்றில் கடைசல்காரர் ஒருவர் இருந்தார். எழுபது தாண்டியவர். மேசைக்கால், கட்டிற்கால், ஊன்றுகோல் எல்லாம் கடைவார். மோரையும் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம் என்பது எனக்கு வெகுநாள் விளங்காமலிருந்தது. முன்னாளில் கயிற்றைச் சுற்றி முன்னும் பின்னும் இழுத்துத்தான் மரத்தைச் சுழற்றினார்களாம், மத்தைச் சுழற்றுவதுபோல. அதை எனக்குச் சொன்னவர் அவர்தான்.

பேனையை வாங்கி நகத்தால் தடவிப் பார்த்தார்.

"பேந்த சில்லு எங்க, தம்பி?"

"கூட்டிக் கொட்டிப்போட்டன், நானா."

"மரத்தூள் மரமில்ல, தம்பி. அதுல இழை எங்க ஈக்கி? பசையக் குடிச்சுக் கறுத்துப் போகும். கருங்காலியா இருந்தா கண்ணுக்குத் தெரியாது, ஒப்பேத்தலாம். இது முதிரை."

பிறகு அவர் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை. அதே மரத்தில் மிச்சம் இருக்கிறதா என்றார்.

இருந்தது. கதிரைக் கையின் முன்முனை, அப்பாவின் உள்ளங்கை தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய குமிழ். அதை அறுக்கக் கொடுப்பதா? வேறு முதிரைத் துண்டு வைத்தால் என்ன என்று கேட்டேன். வைக்கலாம், நிறம் வேறாக முதிரும், இரண்டு வருடத்தில் ஒட்டுப்போட்டது தெரியும் என்றார். இரண்டு கிழமை யோசித்தேன். பிறகு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

குமிழின் மேற்பக்கத்தை அவர் தொடவே இல்லை. அடியில், திருகாணி போயிருந்த ஓட்டைக்குப் பக்கத்திலிருந்து ஒரு சிராய் எடுத்தார். என் கறுப்புக் கறையைக் கூருளியால் சுரண்டி, பள்ளத்தின் ஓரங்களைச் சாய்வாக நேராக்கினார். சிராயை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, மினுக்கம் ஒரே பக்கம் விழும்படி பொருத்தினார். சுப்பர் குளூ அல்ல, மெதுவாக இறுகும் பசை. மேலே சைக்கிள் ரியூப் நறுக்கைச் சுற்றிக் கட்டி, நாளைக்கு வரச் சொன்னார்.

மறுநாள் கடைசலில் ஏற்றினார். உளி வைத்தால் மறுபடி பெயரும் என்று அரத்தாளாலேயே தேய்த்தார். முதலில் 240, பிறகு 400, பிறகு 600. ஒவ்வொரு தாளுக்கும் பின் சுழற்சியை நிறுத்தி, மரத்தின் நீளவாக்கில் நாலு இழுப்பு. இல்லாவிட்டால் வளையக் கோடுகள் நின்றுவிடும். முதிரைத்தூள் சிலருக்குத் தோலில் அரிப்பைத் தரும். அவர் முழங்கை வரை சொறிந்துகொண்டே வேலை செய்தார். கடைசியாக, சுழலும் மரத்தில் துணியால் அரக்குப் பொலிஷ் ஏற்றினார்.

எனக்கு ஒட்டு தெரியவில்லை. அப்படியே சொன்னேன். அவர் பேனையை வாங்கி யன்னலோரம் சற்றுச் சாய்த்துப் பிடித்தார். மயிரிழை போல ஒரு கோடு.

"இப்பிடிப் பிடிச்சாத் தெரியும்," என்றார்.

காசு வாங்கிக்கொண்டு, மிஞ்சிய குமிழைப் பத்திரிகைத் தாளில் சுற்றித் தந்தார். வீட்டுக்கு வந்து அவிழ்த்தபோது, அறுத்த முகத்தில் பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டிருந்தது. அடுத்தமுறை சிராய் எடுக்க, இழை எந்தப் பக்கம் ஓடுகிறதென்று.